இஸ்திரி போட்ட சோகம்

காதலர் தினம் வந்தால் பத்திரிகைக்குக் காதல் பாட்டு வேண்டும். நான் பிடித்து வந்திருப்பது காதல் பாட்டையே நக்கலடித்த ஒரு ராக் பாட்டு.

லாஸ் ஏஞ்சல்ஸின் 'மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்' குழு 1966-ல் வெளியிட்ட முதல் ஆல்பம் 'ஃப்ரீக் அவுட்!'. அதில் 'கோ க்ரை ஆன் சம்படி எல்ஸஸ் ஷோல்டர்' என்று ஒரு பாட்டு. விட்டுப்போன காதலி அழுதுகொண்டு திரும்பி வருகிறாள். வேறு யாரிடமாவது போய் அழு என்று பையன் விரட்டுகிறான். ஐம்பதுகளின் 'டூ-வாப்' பாட்டுகளில் உள்ள சாமான் அத்தனையும் இதில் உண்டு: தள்ளாடி நடக்கும் தாளம், பின்னால் உருகும் குரல்கள், பாட்டுக்கு நடுவே தழுதழுத்த வசனம். ரூட் பியர் கடையில் தன் பள்ளி மோதிரத்தை அவளுக்குக் கொடுத்தானாம். அவளோ மற்ற பையன்களோடு சுற்றினாளாம். அதனால் பாவம், அவன் தன் காக்கி பேண்ட்டுக்கு இஸ்திரி போட வேண்டியதாகிவிட்டது! துரோகத்துக்கும் சலவைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. குரல் நடுங்கினால் போதும், எதைச் சொன்னாலும் சோகமாகிவிடும் என்பதுதான் கிண்டல்.

குழுத் தலைவருக்கு டூ-வாப் மீது பகை இல்லை. 1963-ல் 'பெங்குவின்ஸ்' குழுவுக்கு அசல் டூ-வாப் பாட்டொன்றைச் சேர்ந்து எழுதிக் கொடுத்தவர் அவர். மெட்டின் மேல் ஆசை, வரிகளின் மேல் எரிச்சல். தெருமுனைப் பையன்கள் பாடி வளர்த்த இசையைக் கேலி செய்யலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும்.

என் கவலை வேறு. 1968-ல் 'ஃப்ரீக் அவுட்!' ஆல்பத்தின் வேறு சில பாட்டுகளைத் திரும்பப் பதிவு செய்து 'க்ரூஸிங் வித் ரூபன் அண்ட் த ஜெட்ஸ்' என்ற டூ-வாப் ஆல்பத்தில் சேர்த்தார்கள். ரூபன் குழு என்று ஒன்று அப்போது கிடையாது. அட்டையில் நாய்முகப் பாடகர்கள். ரேடியோவில் நுழைய மதர்ஸ் குழு போட்ட வேஷமோ இது என்று அட்டையே கேட்கும். கையில் அட்டை இருந்தவர் சிரித்தார். இன்று போனில் அட்டை நகத்தளவு. பல நேரம் அதுவும் கண்ணில் படுவதில்லை. காதில் விழுவது குழைந்த குரல் மட்டும்தான். கிண்டலைக் கேட்டுக் கண்கலங்கும் தலைமுறை வந்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் பயம். வீண் பயம் என்பீர்கள். அதே தலைவர் 1979-ல் வெளியிட்ட 'பாபி பிரவுன்', வீட்டில் சத்தமாக வைக்க முடியாத பச்சையான நையாண்டி. நார்வேயிலும் ஸ்வீடனிலும் அது முதலிடம் பிடித்தது. வரிகளைக் கேட்டுத்தான் எல்லோரும் வாங்கினார்களா?

ஆகவே, 14-ம் தேதி யாருக்காவது பழைய ஆங்கிலக் காதல் பாட்டு அனுப்புகிறவர்கள், அதன் அட்டையை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.