வளரும் பிள்ளைக்கு எந்தப் பந்து முதலில்?

தெருவிலும் ஏரிக்கரைத் திடலிலும் டென்னிஸ் பந்து வீசிப் பழகிய பிள்ளைகள், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தோல் பந்தைக் கையில் எடுக்கின்றனர். டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு. பெரியவர்கள் ஆடும் கிரிக்கெட் பந்தோ 156 முதல் 163 கிராம். அந்தச் சுமை பழகுவதற்குள் யார்க்கர், பவுன்சர், கட்டர், ஸ்லோ பால் என எல்லாவற்றையும் ஒருசேரக் கற்க முனைகின்றனர். பிறகு, கீழ்முதுகில் வலி என்று பெற்றோர் நம்மிடம் அழைத்துவருகின்றனர்.

இதைச் சுளுக்கு என்று தள்ளிவிடலாகாது. வேகமாக வீசும்போது முன்கால் ஊன்றும் நொடியில் உடல் எடையைப்போல் பல மடங்கு விசை தாக்குகிறது. அதே நொடியில் முதுகு வளைந்து, சாய்ந்து, திரும்புகிறது. இது திரும்பத் திரும்ப நிகழ்ந்தால், முற்றாத முள்ளெலும்பின் பின்வளைவில் மயிரிழை விரிசல் உண்டாகலாம். வலக்கையால் வீசுவோருக்கு அது பெரும்பாலும் இடப்பக்கம் வரும். எக்ஸ்ரேயில் தென்படாமல் எம்ஆர்ஐயில் மட்டும் தெரிவதும் உண்டு. விரிசல் கூடப் பல மாத ஓய்வு தேவைப்படும்.

ஆகவே, மகனோ மகளோ, முதலில் கற்க வேண்டியது ஒரே பந்து: நேராக ஓடிவந்து, இடுப்பும் தோளும் ஒரே திசை நோக்க, குறித்த இடத்தில் விழச்செய்யும் பந்து. இடுப்பு ஒரு திசையும் தோள் ஒரு திசையுமாக வீசும் முறையே முதுகை அதிகம் முறுக்குகிறது. பந்தின் தையலை நிமிர்த்திப் பிடித்து ஸ்விங் செய்யவும் இப்போதே பழகலாம். அதற்குக் கூடுதல் பலம் வேண்டியதில்லை.

இரண்டாவதாக ஸ்லோ பால். கையின் வேகம் மாறாமல், பந்தை உள்ளங்கையில் ஆழப் பிடித்து விடுவதே அதன் நுட்பம். யார்க்கர் மூன்றாவது. பவுன்சர் முழு பலத்தையும் கேட்பது. உடல் வளர்ச்சி முடியும்வரை அது காத்திருக்கட்டும். ஊர்ப் போட்டிகளில் கைதட்டல் பெறுவது பவுன்சர்தான் என்பதை நாமும் அறிவோம்.

பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் தி. நடராஜன் டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர். 2015இல் ரஞ்சிக் கோப்பையில் ஆடத் தொடங்கியபின் அவருடைய வீச்சுமுறை ஐயத்துக்குள்ளானது. அதைத் திருத்தியே மீண்டு வந்தார். 2020 ஐ.பி.எல்.லில் ஏ.பி. டிவில்லியர்சின் ஸ்டம்பைப் பெயர்த்தது அவருடைய யார்க்கர். அவரிடம் பந்துவகைகள் ஏராளம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒன்றைத் துல்லியமாக வைத்திருந்தார். வீச்சுமுறையைச் சிறுவயதிலேயே சீர்செய்வது எளிது என்பதற்காகவும் இதைச் சொல்கிறோம்.

எத்தனை பந்து என்பதும் மருந்தளவு போன்றதே. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வகுத்த வரம்பின்படி, வேகப்பந்து வீசுவோருக்கு 13 வயதுவரை தொடர்ச்சியாக 5 ஓவர், நாளொன்றுக்கு 10 ஓவர். 14, 15 வயதில் 6, 12. வலைப்பயிற்சியில் வீசுவதையும் எண்ணுங்கள். பலர் அதை விட்டுவிடுகின்றனர். 13 வயதுக்குட்பட்டோருக்கென 133 முதல் 144 கிராம் எடையில் தனிப் பந்தும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

பின்னே வளையும்போது ஒருபக்கம் குத்தினாலோ, ஓரிரு நாள் ஓய்விலும் வலி தணியாவிட்டாலோ, தைலம் தேய்த்து மறுநாள் ஆட அனுப்பாதீர்கள். வீசுவதை நிறுத்தி, எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வரும்போது ஓவர் கணக்கு எழுதிய நோட்டையும் கொண்டுவாருங்கள்.