கொச்சிக் கடலின் ஏற்ற இறக்கம்: நம் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு வரைபடம்



மட்டாஞ்சேரிப் பக்கம் கார்த்திகை பிறந்தால் ஐயப்பன்மாரின் சரணகோஷத்தோடு உப்புநீரும் வந்துவிடும். விருச்சிக மாதத்து வேலியேற்றம் என்று மலையாளத்தில் சொல்வார்கள். காயல் நீர் ஓடை வழியாக எதிர்த்து ஏறி, தாழ்வான தெருக்களில் முற்றத்தை நனைத்துவிட்டுச் சில மணி நேரத்தில் வடிந்து போகும். சுவர்ப் பூச்சு உதிர்வதும், வாசலில் வைத்த செடி கருகுவதும் இங்கு குடியிருக்கும் நம்மவர்களுக்குப் புதிதல்ல.

என் மைத்துனர் தமது பழைய வீட்டைப் புதுப்பிக்க முனைந்தபோது, "மாப்பிள்ளை, தளத்தை எவ்வளவு உயர்த்தலாம்? தண்ணீர் வருஷா வருஷம் கூடுகிறதா, இல்லை நமக்கு அப்படித் தோன்றுகிறதா?" என்று கேட்டார். தளம் உயர்த்துவதென்றால் கதவு, நிலை, மாடிப்படி எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும். பணம் கொஞ்சநஞ்சமல்ல. இதற்கு வாய்வார்த்தையாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் நமக்கு எதிர்க்கரையிலேயே இருக்கிறது. மட்டாஞ்சேரிக் கால்வாய்க்கு அப்பால், பிரிஸ்டோ துரை துறைமுகத்துக்காகத் தூர் வாரிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய வில்லிங்டன் தீவில், கடல்மட்ட அளவீடு 1939 முதல் பதிவாகி வருகிறது. இங்கிலாந்தில் லிவர்பூலில் 1933-இல் தொடங்கப்பட்ட கடல்மட்டப் பதிவு நிலையம் உலகத் துறைமுகங்களின் மாதச் சராசரிகளைத் திரட்டி, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ள வைத்துள்ளது. அங்கே கொச்சியின் எண் 438.

கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் மேற்கொண்டு வேலை எளிது. விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற எடிட்டரும் பைத்தான் மொழியும் இலவசம். எடிட்டரின் இடப்புறப் பட்டியில் எக்ஸ்டென்ஷன் பகுதியைத் திறந்து பைத்தான், ஜூபிட்டர் என்ற இரண்டையும் சேர்க்க வேண்டும். பிறகு டெர்மினலில் பிப் கட்டளை மூலம் பாண்டாஸ், பிளாட்லி, ஐபைகெர்னல், என்பிஃபார்மட் ஆகிய நான்கையும் நிறுவுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் படம் வர வேண்டிய இடத்தில் பிழைச் செய்திதான் வரும்.

சாதாரண பைத்தான் கோப்பில் ஒரு வரியில் # %% என்று மட்டும் எழுதுங்கள். அதற்குக் கீழே உள்ளது ஒரு தனி அறையாகிவிடும். ஷிஃப்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அந்த அறை மட்டும் இயங்கி, விடை பக்கத்துச் சாளரத்தில் தோன்றும். முழு நிரலையும் மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. ஒரு வரியை மாற்று, அழுத்து, பார். பிள்ளைகளுக்கு இந்தச் சுதந்திரம்தான் பிடிக்கிறது.

முதல் அறையில் கோப்பைப் படிக்கச் சொல்லுங்கள். பத்திகளுக்கு இடையே அரைப்புள்ளி இருக்கும். தலைப்பு வரி கிடையாது. முதல் பத்தி தசம ஆண்டு, இரண்டாவது மில்லிமீட்டரில் கடல்மட்டம். மதிப்புகள் 7000-ஐ ஒட்டி இருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். கழித்தல் குறி வராதிருக்க, அளவுகோலின் அடியை வேண்டுமென்றே சராசரிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் கீழே வைத்திருக்கிறார்கள். பதிவில்லாத மாதங்களில் -99999 என்று இருக்கும். அதை வெற்றிடமாக மாற்றாவிட்டால் கோடு பாதாளத்துக்குப் பாய்ந்துவிடும். இரண்டாவது அறையில் பிளாட்லியின் கோட்டுப் படம்.

இது அச்சிட்ட படம் போல் அசையாது நிற்பதல்ல. சுட்டியைக் கோட்டின் மேல் கொண்டுபோனால் அந்த மாதத்தின் அளவு தெரியும். ஒரு பகுதியை இழுத்துத் தேர்ந்தெடுத்தால் அது மட்டும் பெரிதாகும். இருமுறை தட்டினால் பழையபடி ஆகும்.

அப்படிப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வியப்பு. ஆடி, ஆவணியில் வானம் கொட்டித் தீர்க்கிறது, கடலோ தாழ்ந்து கிடக்கிறது! மட்டம் உச்சிக்குப் போவது கார்த்திகை, மார்கழியில். காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காலத்தில் கரையோர மேல்நீர் விலகி, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும். அது கனமானது, குறைந்த இடமே கொள்ளும். பின்னர் நீரோட்டம் வடக்கு நோக்கித் திரும்ப, வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த இலேசான நீர் இலங்கையைச் சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேரும். நம் சோழமண்டலக் கரைத் தண்ணீர்தான் மைத்துனர் வாசலுக்கு விருந்தாளி என்று வீட்டில் வேடிக்கையாகச் சொன்னேன்.

நீண்டகாலக் கணக்கு வேறு. மைய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் தந்த விவரப்படி, 1939 முதல் 2007 வரை கொச்சியில் ஆண்டுக்கு 1.30 மில்லிமீட்டர் உயர்வு. மொத்தம் சுமார் 9 சென்டிமீட்டர். ஆனால் 1993 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துவரும் உலகச் சராசரி உயர்வு ஆண்டுக்கு 3 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. ஆகவே பழைய கோட்டை அப்படியே நீட்டிப் பார்ப்பது போதாது.

ஒரு எச்சரிக்கை. இவை மாதச் சராசரிகள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஒரு நாள் ஏறும் உச்சம் இதில் தெரியாது. நம் தெரு ஓடை தூர்ந்து கிடப்பதும் தெரியாது. அதற்குச் சுவரில் படிந்த உப்புக்கறைதான் சாட்சி. எனவே, கறையின் மேல்விளிம்பிலிருந்து இன்னும் ஒரு சாண் உயர்த்துங்கள் என்று மைத்துனரிடம் சொன்னேன். பொறியாளரிடமும் கேட்டுவிட்டு அப்படியே செய்தார்.

சென்னையில் உறவுகள் உள்ளவர்கள் 438-க்குப் பதிலாக 205-ஆம் எண் கோப்பை எடுத்துப் பாருங்கள். அது 1916-இல் தொடங்குகிறது. இடையே பல ஆண்டுகளுக்குப் பதிவில்லை என்பதும் படத்தில் தானாகவே தெரியும்.