"மறுகா?" என்றொரு கேள்வி

செங்கலடிச் சந்தியில், பதுளை வீதி பிரியும் இடத்துக் கடைகளில் நாளாந்தம் காணும் காட்சி இது. கடைக்காரர் நான்கு வயதுப் பிள்ளையிடம், "பேரென்ன? எந்த நேசரி?" என்று கேட்பார். பிள்ளை தாயின் பின்னால் ஒளியும். பதிலைத் தாயே சொல்லி, "சரியான வெட்கம்" என்று சிரிப்பார். அத்தோடு விடயம் முடிந்துவிடும்.

வெட்கம் பிள்ளைகளுக்கு உரியதுதான். ஆனால் ஒரு சொல்லில் முடியும் கேள்விக்குப் பதில் சொல்வது உரையாடலல்ல, பரீட்சை. உரையாடல் என்பது ஒரே உரலில் இருவர் நெல்லுக் குத்துவது போன்றது. ஒருவர் உலக்கை இறங்கும்போது மற்றவருடையது உயர வேண்டும். இந்த முறையைப் பிள்ளை தனியே கற்க முடியாது. எதிரே ஒருவர் நிற்க வேண்டும்.

எமது பகுதியில் பிள்ளைகளின் மௌனத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 1983 முதல் 2009 வரையான யுத்த காலத்தில், சோதனைச் சாவடியில் பிள்ளை எதையேனும் உளறிவிடக் கூடாதே என்று "வாயைப் பொத்து" எனச் சொல்லித்தான் வளர்த்தார்கள். அன்று அது உயிர் காத்த பாடம். அப்படி வளர்ந்தவர்களே இன்று தாய் தந்தையர்.

1996இல் மட்டக்களப்பு நகரில் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, இந்த மௌனத்தை எதிர்கொண்ட ஒரு முயற்சி. தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் அங்கே ஒன்றாக வந்தனர். படம் கீறுதல், களிமண் வேலை, கதை, நாடகம் என்பனவே அங்கு முதலிடம் பெற்றன. கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். கீரை ஆயும்போதும் முற்றம் கூட்டும்போதும் பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பூங்கா இல்லாமலே அந்தப் பலன் கிடைக்கும்.

பிள்ளை "ஆடு ஓடிட்டு" என்றால், "ஓடிவிட்டது என்று சொல்" எனத் திருத்த வேண்டாம். நம்மூர் அம்மம்மாமார் கேட்பதுபோல "மறுகா?" என்று கேளுங்கள். பிறகு பேசாமல் காத்திருங்கள். அந்தச் சில விநாடி மௌனம் பெரியவர்களுக்குத்தான் கஷ்டம்! எத்தனை சொல் பிள்ளையின் காதில் விழுந்தது என்பதைவிட, எத்தனை முறை பேச்சு இருவரிடையே மாறி மாறிச் சென்றது என்பதே மூளையின் மொழிப் பகுதியோடு நெருங்கிய தொடர்புடையதென 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கூறியது. தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் ஓயாமல் பேசும். பிள்ளையின் பதிலுக்குக் காத்திருக்கமாட்டா.

தாய் மத்திய கிழக்கில் வேலை செய்யும் வீடுகள் இங்கு பல. அழைப்பு வந்ததும் "சாப்பிட்டியா? படிச்சியா?" என்பதோடு நேரம் முடிந்துவிடுகிறது. அழைப்புக்கு முன்பே அம்மம்மா, "இண்டைக்கு அம்மாவுக்கு என்ன காட்டப் போறாய் மனே?" என்று கேட்டு வைக்கலாம். புதிதாய்ப் பிறந்த ஆட்டுக்குட்டியோ, கீறிய படமோ போதும். தாய்க்கும் கேட்க ஒரு கேள்வி கிடைக்கும்.

இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையையும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளையையும் "அப்பனும் இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக்கில் குடும்பநல மாதுவிடம் சொல்லி, முதலில் காதைப் பரிசோதிக்கச் செய்யுங்கள்.