ஜப்பானில் ஆங்கில ஆசிரியர் வேலை: போனதும் என்ன செய்வது?

ஜப்பான் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லித்தர வெளிநாட்டவரை எடுப்பது புதிதல்ல. ‘ஜெட்’ என்ற அரசுத் திட்டம் 1987 முதல் நடக்கிறது. ஆள் அனுப்பும் தனியார் நிறுவனங்கள் வழியாகவும் பலர் போகிறார்கள். உங்களுக்கு வேலை உறுதியாகி, விசாவும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் உங்களை அலைக்கழிக்கப்போவது வகுப்பறை அல்ல, காகிதமும் பணமும்தான்.

இறங்கியதும் முதல் வேலை என்ன?

நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் குடியிருப்பு அட்டையை (வெளிநாட்டவருக்கான அடையாள அட்டை) அங்கேயே கொடுத்துவிடுவார்கள். வெளியே போகும்போதெல்லாம் அது கையில் இருக்க வேண்டும். வீட்டுக்குக் குடிபோன 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துவிடுங்கள். வங்கி, காப்பீடு, செல்போன் எல்லாம் அந்த முகவரியை வைத்துத்தான் நகரும்.

பெயரில் ஏதாவது சிக்கல் வருமா?

நமக்கு வரும். அங்குள்ள படிவங்களில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். நம் பாஸ்போர்ட்டிலோ பலருக்குக் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் இருக்கும். குடியிருப்பு அட்டையில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். அடுத்து, பெயரைக் கதகானாவிலும் (அயல்மொழிச் சொற்களை எழுதும் ஜப்பானிய எழுத்து) கேட்பார்கள். முதல் நாளே ஒரு வடிவத்தை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். வங்கிப் பணப் பரிமாற்றம் கதகானாப் பெயரை வைத்து நடப்பது. ஒரு குறில் நெடிலாக மாறினாலும் சம்பளம் கணக்கில் ஏறாமல் திரும்பக்கூடும்.

கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

முதல் சம்பளம் வர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். வீட்டை நீங்களே பிடிப்பதானால் முன்பணம், தரகு, வாடகைக்கு ஜாமீன் நிற்கும் நிறுவனத்தின் கட்டணம் உண்டு. பல வீடுகளுக்கு ரெய்கினும் (வீட்டுக்காரருக்குத் தரும், திரும்பி வராத அன்பளிப்பு) கேட்பார்கள். எல்லாம் சேர்ந்து பல மாத வாடகை அளவுக்குப் போய்விடும். அடுப்பும் திரைச்சீலையும் இல்லாத வெறும் வீடாகக்கூட இருக்கலாம். நிறுவனமே வீடு தருமா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: பள்ளி விடுமுறை மாதங்களில் முழுச் சம்பளம் உண்டா? சில தனியார் ஒப்பந்தங்களில் ஆகஸ்டில் குறைத்துக்கொடுப்பார்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், நாம்தான் படிப்பதில்லை.

வகுப்பில் என் இடம் என்ன?

பெரும்பாலும் உதவி ஆசிரியர். பாடத்தை நடத்துபவர் ஜப்பானிய ஆசிரியர். “நான் நடமாடும் டேப் ரிக்கார்டர்” என்பது உதவி ஆசிரியர்களின் பழைய புலம்பல்: வாசி என்றால் வாசிக்க வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். முதல் வாரமே இதைப் பற்றி முறையிடாதீர்கள். முந்தைய நாள் மாலை அந்த ஆசிரியரிடம் போய், நாளைய பாடத்துக்கு ஏற்ற பத்து நிமிட விளையாட்டு ஒன்றைக் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள். தொடக்கப் பள்ளியில் நிலைமை வேறு. 2020 முதல் 5, 6-ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடம். ஆங்கிலத்துக்குத் தயங்கும் வகுப்பாசிரியர் முழு வகுப்பையும் உங்கள் கையில் விட்டுவிடுவதுண்டு.

சாப்பாடு?

பள்ளியில் மதிய உணவு நேரத்தில் வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் மாட்டிக்கொண்டு பிள்ளைகளே வாளிகளைத் தூக்கி வந்து வகுப்பிலேயே பரிமாறுவார்கள். பார்க்க அழகான காட்சி. எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. நீங்கள் சைவம் என்றால் கவனம்: காய்கறி சூப் என்று நினைத்துக் குடிப்பதில்கூடப் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். முதல் நாளே துணைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு டப்பா கட்டிக்கொண்டு போங்கள். இன்னொரு விஷயம்: பள்ளிக்குள் போட்டுக்கொள்ளத் தனிச் செருப்போ ஷூவோ வேண்டும். பெரிய பாதக்காரர்கள் ஊரிலிருந்தே வாங்கிப் போவது நல்லது.

இரண்டாம் ஆண்டில் சம்பளம் ஏன் குறைகிறது?

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் இது. குடியிருப்பு வரி (உள்ளூர் நிர்வாகத்துக்குக் கட்டும் வருமான வரி) முந்தைய ஆண்டு வருமானத்தின் மேல் போடப்படுவது, ஏறத்தாழ 10 சதவீதம். போன ஆண்டு நீங்கள் அங்கே சம்பாதிக்கவில்லை என்பதால் தொடக்கத்தில் பிடித்தம் இருக்காது. அடுத்த ஜூனில் வந்து நிற்கும். இதற்காக மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். ஜனவரி 1 அன்று அங்கே குடியிருந்தால், அதன்பின் நாடு திரும்பினாலும் முந்தைய ஆண்டுக்கான வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

சம்பளத்தில் ஓய்வூதியத்துக்குப் பிடித்த பணம் போனது போனதுதானா?

இல்லை. ஆறு மாதமாவது கட்டியிருந்தால், நாடு திரும்பிய பிறகு ஒரு பகுதியை ஒரே தவணையில் திரும்பக் கேட்கலாம். நகராட்சியில் வெளியேறுவதைப் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள். வெளியேறிய இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பியுங்கள். கெடு தாண்டினால் கிடைக்காது.