ரத்தம் ஊறும் வழி

உடம்பு வணங்கி வேலை செய்தால் ரத்தம் ஊறும் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதுண்டு. இது வெறும் வாய்ச்சொல் அன்று. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

ரத்த அணுக்கள் பிறக்குமிடம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. வயது வந்தவர்களுக்கு மார்பெலும்பு, விலா, முதுகெலும்பு, இடுப்பெலும்பு ஆகியவற்றில் இந்த வேலை இராப்பகலாய் நடக்கிறது. ஒரு சிவப்பு அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். மாண்டவற்றுக்கு ஈடாக ஒவ்வொரு ஸெகண்டிலும் ஏறக்குறைய 20 லட்சம் புதிய அணுக்கள் பிறந்தாக வேண்டும்! தேகப் பயிற்சியை விடாமல் செய்து வருவோருக்கு முதலில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. பல வாரங்களுக்குப் பின் சிவப்பு அணுக்களின் மொத்தத் தொகையும் மெல்லக் கூடுகிறது.

நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் கதை இன்னும் ரஸமானது. பாஸ்டன் நகரின் மாரதான் ஓட்டக்காரர்களைச் சோதித்த லாரபீ என்ற அமெரிக்கர், ஓட்டம் முடிந்ததும் அவர்கள் ரத்தத்தில் இவ்வணுக்கள் வெகுவாகப் பெருகியிருந்ததை 1902-ம் வருஷத்தில் எழுதி வெளியிட்டார். இவற்றில் பெரும்பாலானவை அப்போதே பிறந்தவை அல்ல. மண்ணீரலிலும் ரத்தக் குழாய்ச் சுவர்களிலும் ஒதுங்கியிருந்த காவலர்கள் ரோந்துக்குக் கிளம்பியதே அந்தப் பெருக்கம். சில மணி நேரத்தில் கூட்டம் கலைந்துவிடும். ஆகையால் ஒரு நாள் ஓடிவிட்டு ஒரு மாதம் படுத்திருப்பதில் பிரயோஜனமில்லை. அமெரிக்காவில் 1,002 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாரத்தில் ஐந்து நாளாவது பயிற்சி செய்தவர்கள் ஜலதோஷம் முதலியவற்றால் அவதியுற்ற நாட்கள், சும்மா இருந்தவர்களைவிட நூற்றுக்கு 43 பங்கு குறைவாயிருந்தன. உலக சுகாதார ஸ்தாபனம் கேட்பதும் வாரத்துக்கு 150 நிமிஷ வேக நடைதான், மாரதான் அல்ல.

இனி நிபந்தனைக்கு வருவோம். மஜ்ஜை எவ்வளவு சுறுசுறுப்பாயிருந்தாலும் இரும்புச் சத்து இல்லாமல் சிவப்பு அணுவை ஆக்க முடியாது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் தேசத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. வீட்டு வேலையே தேகப் பயிற்சி, அவர்களுக்கு வேறென்ன வேண்டும் என்று பேசும் புருஷர்கள் இந்தக் கணக்கைப் படிப்பது நலம். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவளுக்கு எந்தப் பயிற்சியால் ரத்தம் ஊறும்?

மாடி ஏறினால் மூச்சு வாங்கும் பெண்ணை நடக்கச் சொல்லுமுன் அவளுடைய ரத்தத்தைச் சோதிக்கச் செய்ய வேண்டும். கீரையும் பயறும், கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ அவள் இலையில் விழட்டும். சாப்பிட்டவுடன் காபி குடிக்கும் வழக்கம் உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவொட்டாமல் தடுக்கிறது; அந்த டம்ளரை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கலாம்.