கழுத்தில் நெட்டி முறிக்கலாமா?

மணவூர் நிலையத்தில் காலை மின்சார ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து உறங்கிவிட்டு, இறங்குமுன் கழுத்தை வெடுக்கென்று திருகி நெட்டி முறிப்பது நித்திய வழக்கம். 2024-இல் பெல்லாரியைச் சேர்ந்த 30 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு, சலூனில் தலையைப் பிடித்துவிட்டவர் கழுத்தைத் திருகியதால் தமனி கிழிந்து பக்கவாதம் கண்டதென்ற செய்தியைப் படித்த பின், "நாமே முறித்துக்கொண்டால் அபாயமில்லையே?" என்ற கேள்வி அவர்களிடையே எழுவது நியாயமே.

முதலில் ஓசையைக் கவனிப்போம்; இவ்விஷயத்தில் மிகவும் ரசமானது அதுதான். விலகிய எலும்பு தன் ஸ்தானத்தில் போய் உட்காருவதால் அது எழுவதில்லை. மூட்டைச் சூழ்ந்த பையிலுள்ள வழவழப்பான திரவத்தில் கரியமில வாயு முதலியவை கரைந்திருக்கின்றன. கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலி வாயை அடைத்திருக்கும் வரையில் நீருக்குள் அடங்கிக் கிடக்கும் வாயு, கட்டைவிரலால் கோலியை அமுக்கிய கணமே, அழுத்தம் தளர்ந்து, சத்தத்துடன் குமிழிகளாகப் பொங்குகிறது. விரல் மூட்டை இழுக்கும்போதும், நெருங்கிக் கிடந்த இரு பரப்புக்கள் சட்டென்று விலக, இடையிலுள்ள திரவத்தில் அழுத்தம் வீழ்ந்து குமிழி பிறக்கிறது; ஓசை இக்குமிழியைச் சார்ந்ததே. காலியான சோடாப் புட்டிக்கு, கடைக்காரர் மறுபடி வாயு ஏற்றிக் கோலியை வாயில் நிறுத்தினாலன்றி அந்தச் சத்தம் திரும்பாது. மூட்டோ தன் சோடாவைத் தானே தயாரித்துக்கொள்ளுகிறது. குமிழி கரைந்து பழைய நிலை மீளச் சுமார் 20 நிமிஷமாகும். அதுவரை அதே விரலை எவ்வளவு இழுத்தாலும் மௌனமே.

இந்த ஓசையை ஆராய்ந்த சரித்திரம் சுருக்கமானது. 1947-இல் லண்டனில் எக்ஸ்-கதிர்ப் படங்களைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். குமிழி உடைவதே ஓசை என்று 1971-இல் லீட்ஸ் நகரத்து ஆராய்ச்சியாளரும், அது பிறப்பதே ஓசை என்று 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் எம்.ஆர்.ஐ. யந்திரத்துக்குள் விரலை இழுத்துப் பார்த்தோரும் சொன்னார்கள். குமிழி ஓரளவு சுருங்கினாலே போதும் என்று 2018-இல் சந்திரன் சுஜா, பராகத் ஆகிய இருவரும் கணிதத்தால் காட்டினார்கள். எப்படியாயினும், "நரம்பு திறந்தது", "விஷம் வெளியேறியது" என்று கைப்பேசிக் காணொளிகளில் முழங்குவதற்கு இவற்றில் எதுவும் ஆதாரமாகாது.

விரலுக்கும் கழுத்துக்கும் உள்ள பேதம் ஓசையில் இல்லை. அண்டை வீட்டில் இருக்கிறது. கழுத்தெலும்புகள் ஏழில் மேலுள்ள ஆறின் பக்கத் துவாரங்கள் வழியே, மணிகளில் கோத்த சரடு போல, இருபுறமும் ஒவ்வொரு தமனி ஏறிச் சென்று, உச்சி எலும்பின் மேல் வளைந்து, மண்டையோட்டினுள் நுழைந்து, சிறுமூளைக்கும் மூளைத் தண்டுக்கும் இரத்தம் கொடுக்கிறது. தலை திரும்புவதில் ஏறக்குறையப் பாதி, மேலிரண்டு எலும்புகளுக்கிடையே நிகழ்வதால், வெடுக்கென்று திருகும்போது அந்த வளைவுதான் இழுபடுகிறது. தமனியின் உட்சுவர் கிழிந்தால், அங்கே உறையும் இரத்தக்கட்டி நழுவி மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை விளைவிக்கக்கூடும். 2019-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் 28 வயது இளைஞர் ஒருவருக்கு, தம் கையாலேயே கழுத்தை அழுத்தி நீட்டியபோது நேர்ந்தது இதுவே. ஆகவே, 'நம் கைதானே' என்பது அபயமாகாது.

இது அபூர்வம் என்பதும் சத்தியமே. நேற்றுவரை முறித்தவர்கள் பீதியடைய வேண்டாம். ஆனால் கிடைக்கும் சுகம் சில நிமிஷம்; பணயமாக வைப்பதோ மூளை. கழுத்து பிடித்துக்கொண்டால் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். தலையை வலியில்லாத எல்லை வரை மெதுவாகத் திருப்புங்கள். கையால் தாடையைப் பிடித்துத் திருகாதீர்கள். சலூனிலும் அதற்கு இடங்கொடாதீர்கள். முறித்தபின் முன்பு அறியாத கழுத்துவலியோ, தலைச்சுற்றலோ, இரட்டைப் பார்வையோ, நாக்குழறலோ, நடைத் தள்ளாட்டமோ கண்டால், தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திராமல் அக்கணமே 108-ஐ அழையுங்கள்.