முயல் எத்தனை மீட்டரில் நிற்கிறது?

கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷுக்கு வளரி என்ற வளைந்த எறிகருவியை வீசக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. பிறகு காலம் மாறியது. 1801-இல் மருது சகோதரர்களைக் கம்பெனி திருப்பத்தூரில் தூக்கிலிட்டது. அதற்கு முன் நடந்த போரில் வெல்ஷ் எதிர்ப்பக்கம் இருந்தார். 1830-இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில், தேர்ந்த கை வீசினால் நூறு கெஜத்துக்குள் வளரி குறி தப்பாது என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். நூறு கெஜம் என்பது 91 மீட்டர்.

வளரியை இன்று நாம் போர்க்கருவியாகவே பேசுகிறோம். சிவகங்கைச் சீமையின் பொட்டல்களில் அது முயலுக்கும் எறியப்பட்ட கருவி. நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் சேகரிப்பில்கூடச் சிவகங்கைப் பக்கத்து வளரிகள் இரண்டு இருந்தன. எனக்கு ஆச்சரியம் தருவது அந்த 91 மீட்டர் அல்ல, அதைக் கண்ணாலேயே கணித்த விதம். முயல் அறுபது மீட்டரில் இருக்கிறதா, எண்பதிலா என்று தெரியாமல் வீசினால் வளரி தலைக்கு மேலே போய்விடும்.

அந்த வேட்டை முடிந்த கதை. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் வந்த திருத்தமும் முயல், கௌதாரி, காடை எல்லாவற்றையும் வேட்டைக்காரர்களிடமிருந்து எடுத்துவிட்டன. செட்டிநாட்டில் துப்பாக்கிக்குத் துணையாக லேசர் தூரமானி வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் முதலில் பார்க்க வேண்டியது வக்கீலை. வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளில் தூரத்தை அளக்கும் இந்தக் கருவிக்குத் தனிச் சந்தையே இருக்கிறது. காரணம் எளிது. ஐம்பது மீட்டரில் குறி சரிசெய்த .22 துப்பாக்கியின் சாதாரணக் குண்டு நூறு மீட்டரைத் தொடும்போது ஏறக்குறைய 15 முதல் 20 செ.மீ. வரை தாழ்ந்துவிடும். மான் அளவு உடம்பில் அந்தப் பிழை ஓரளவு மறைந்துபோகும். முயலில் மறையாது.

இதே கருவிக்கு நம் பக்கம் வேறு வேலை இருக்கிறது. வேட்டங்குடிச் சரணாலயத்தில் பறவை பார்க்க வருகிறவர்களும், பொட்டல்காட்டில் கௌதாரி எண்ணும் மாணவர்களும், கணக்கெடுப்புக்குப் போகும் வனத்துறைத் தன்னார்வலர்களும் கேட்கும் கேள்வி வேட்டைக்காரர் கேட்டதுதான்: சிறிய உடம்பு, அதிக தூரம், எத்தனை மீட்டர்? கடையில் எதை வாங்குவது என்ற குழப்பமும் அதேதான்.

கருவி செய்வது ஒரே வேலை. ஒளித் துடிப்பு ஒன்றை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒளி ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. போகும். 200 மீட்டர் தள்ளி நிற்கும் முயலைத் தொட்டுத் திரும்ப 1.33 மைக்ரோ நொடி. ஒரு மீட்டர் வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்ல ஏறக்குறைய 6.7 நானோ நொடி வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும். 1960-இல் தியடோர் மெய்மன் முதல் லேசரை எரியவிட்ட பிறகு, இந்த நுட்பத்தை முதலில் விரும்பி எடுத்துக்கொண்டது ராணுவம். இப்போது சட்டைப்பையில் அடங்கும் கருவிகளில் பெரும்பாலானவை 905 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை அனுப்புகின்றன. அது கண்ணுக்குத் தெரியாது. 'வகுப்பு 1' என்று முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கினால் மனிதர் கண்ணுக்குப் பயமில்லை.

பெட்டியில் '1,000 மீட்டர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது பொய் அல்ல, ஆனால் உங்களுக்கு உதவாத உண்மை. திருச்சி - ராமேசுவரம் நெடுஞ்சாலையில் இரவில் வண்டி விளக்குப் பட்டதும் பளீரென்று மின்னுகிறதே ஊர்ப்பெயர்ப் பலகை, அந்த மாதிரிப் பரப்பு வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். பெட்டியில் உள்ள எண் அப்படிப்பட்ட இலக்குக்கானது. அப்பலோ 11 வீரர்கள் 1969-இல் நிலாவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களும் இதே குணம் உள்ளவை. அதனால்தான் 3,84,000 கி.மீ. தள்ளியிருந்தும் பூமியிலிருந்து லேசர் விட்டு அளக்க முடிகிறது. முயல் ரோமம் பிரதிபலிப்பான் அல்ல. ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடித்துவிட்டு, மிகச் சிறிய பங்கை மட்டுமே நம்மிடம் அனுப்பும். வெண்கொக்கு கொஞ்சம் தாராளம், நீர்க்காகம் கஞ்சம்.

இன்னொரு எண்ணைப் பல நிறுவனங்கள் பெட்டியில் போடுவதே இல்லை. அதைத்தான் நான் முதலில் தேடுவேன்: கற்றையின் விரிவு. லேசர் என்றால் ஊசி போலப் போய் நிற்கும் என்று நினைக்கிறோம். கைக்கருவிகளில் அது விரிந்துகொண்டே போகிறது. விரிவு 2 மில்லிரேடியன் என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டரில் கற்றை 20 செ.மீ. அகலம், 200 மீட்டரில் 40 செ.மீ. நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் முயலின் அகலம் அதில் பாதிகூட இராது. காடை என்றால் கற்றையில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே அதன் மேல் படும். மீதி எங்கே போகிறது?

செட்டிநாட்டின் தட்டையான நிலத்தில் இந்தக் கேள்விக்கான பதில் பயமுறுத்துகிறது. நின்றுகொண்டு பார்ப்பவரின் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 200 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து பத்து செ.மீ. உயரத்தைக் குறிவைக்கிறார். 40 செ.மீ. கற்றையின் கீழ்விளிம்பு முயலுக்கு முன்னால், ஏறக்குறைய 187 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். மேல்விளிம்பு முயலைத் தாண்டிப் போய் 250 மீட்டரில் தரை இறங்கும். ஆக, 60 மீட்டருக்கு மேல் நீளமுள்ள செம்மண் தரையும் புல்லும் சேர்ந்து நம் கருவிக்கு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அதற்கு நடுவே முயலும் ஒன்று. திரையில் 231 என்று எண் தெளிவாக வந்து நிற்கும். அது எதன் தூரம் என்று கருவிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இதற்குப் பணம் செலவழிக்காத மருந்து ஒன்று உண்டு. கண்மாய்க் கரையில் ஏறுங்கள். கரை நாலு மீட்டர் உயரம் என்றால் கண் ஐந்தரை மீட்டரில் இருக்கும். அதே கருவி, அதே முயல்; ஆனால் கற்றை விழும் தரை 196 மீட்டரிலிருந்து 211 வரை சுருங்கிவிடுகிறது. அறுபதுக்கு மேல் இருந்த குழப்பம் பதினைந்துக்கு வந்துவிட்டது. இரட்டிப்பு விலை கொடுத்து வாங்கும் கருவிகூட இந்த அளவு திருத்தத்தைத் தருமா என்பது எனக்குச் சந்தேகம்.

தண்ணீர் இன்னும் நல்லது. காற்றில்லாத காலையில் கண்மாய் நீர் கண்ணாடியாக நடந்துகொள்ளும். சாய்வாக வந்து விழும் ஒளியை முன்னோக்கித் தள்ளிவிடும், நம்மிடம் அனுப்பாது. அதனால் நடுநீரில் நிற்கும் நாரையை அளக்கும்போது வருகிற எண் நாரையினுடையதாக இருக்கும், இல்லையென்றால் எதிர்க்கரை மரத்தினுடையதாக இருக்கும். இரண்டுக்கும் நூறு மீட்டர் வித்தியாசம் என்றால் குழப்பம் ஏது?

சீமைக்கருவேலம் வந்து நிற்கும் இடத்தில்தான் கதை கெடுகிறது. அதன் மெல்லிய சுள்ளிகள் கற்றையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு, முதல் எதிரொலியைத் தாங்களே அனுப்பிவிடும். கடையில் எளிதாகக் கிடைக்கும் தூரமானிகளில் பல, கோல்ஃப் ஆட்டத்துக்குச் செய்தவை. அவை முதலில் வரும் எதிரொலியையே நம்பும். பின்னால் மரங்கள் இருந்தாலும் முன்னால் உள்ள கொடிக்கம்பைப் பிடிக்க வேண்டும் என்பது அவற்றின் தேவை. வேட்டைக்காரர்களுக்கான கருவிகள் கடைசி எதிரொலியை எடுக்கும். முன்னால் இருக்கும் புதரை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கும் மிருகத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் தேவை. நமக்கு இரண்டும் வேண்டும். மாற்றிக்கொள்ள வசதி உள்ளதை வாங்குங்கள். சரிவுக்கு ஏற்பத் தூரத்தைத் திருத்தித் தரும் வசதிக்குக் கூடுதல் பணம் கேட்டால், பிரான்மலையில் ஏறுகிறவர்கள் கொடுக்கட்டும்.

வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்ய வேண்டும். கண்ணாடி வழியே தெரியும் குறிப்புள்ளியும் லேசர் போகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சற்று விலகியிருப்பது சகஜம். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட ஒற்றைப் பனையைத் தேர்ந்தெடுங்கள். கருவியை முக்காலியில் பூட்டி, குறிப்புள்ளியை இடப்பக்க வானத்திலிருந்து மெல்ல நகர்த்தி, எந்த இடத்தில் எண் தோன்றுகிறது என்று பாருங்கள். பிறகு வலப்பக்கமிருந்து வாருங்கள். இரண்டுக்கும் நடுவே பனை இல்லையென்றால் எவ்வளவு விலகல் என்று தெரிந்துவிடும். கரை விளிம்பை வைத்து மேலும் கீழும் இதையே செய்யலாம். கையில் பிடித்து அளப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு மில்லிரேடியன் நடுக்கம் போதும், 200 மீட்டரில் குறி 20 செ.மீ. நகர்ந்துவிடும், அது காடையின் முழு நீளத்துக்கும் கூடுதல்.

நடுவே ஓர் எச்சரிக்கை. காரைக்குடியில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் கொத்தனார்களும் ஆசாரிகளும் சிவப்புப் புள்ளி விழும் லேசர் டேப் வைத்திருக்கிறார்கள். முன்வாசலில் நின்று பின்வாசல் வரை மில்லிமீட்டர் சுத்தமாக அது சொல்லும். அது வேறு நுட்பம்: ஒளி அலையை ஏற்ற இறக்கத்தோடு அனுப்பி, திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று ஒப்பிடுவது. வீட்டுப் பட்டாலைக்கு அருமையான கருவி. வெயிலில், பொட்டலில், முயலின் மேல் அந்தச் சிவப்புப் புள்ளியைத் தேடினால் கண்தான் வலிக்கும்.

இவ்வளவு துல்லியம் எண்ணிக்கைக்கு எதற்கு? பார்த்த கௌதாரிகளைக் கூட்டினால் போதாதா? போதாது. ஒரு கோட்டில் நடந்து போகும்போது அருகில் உள்ளவை எல்லாம் கண்ணில் படும். தூரத்தில் உள்ளவை பல தப்பும். எவ்வளவு தப்புகின்றன என்பதை, பார்த்தவை எந்தெந்தத் தூரத்தில் இருந்தன என்பதிலிருந்து கணிக்கிறார்கள். புலிக் கணக்கெடுப்பில் மான்களை இப்படித்தான் எண்ணுகிறார்கள். கையில் திசைகாட்டியும் தூரமானியும் இருக்கும். எல்லாத் தூரத்தையும் பத்து சதவீதம் கூட்டி எழுதினால் கோட்டுக் கணக்கில் அடர்த்தி ஒன்பது சதவீதம் குறைந்துபோகும். ஓரிடத்தில் நின்று சுற்றிலும் எண்ணும் முறையில் அது பரப்பளவாகப் பெருகி, பதினேழு சதவீதம் குறையும். இருபது சதவீதப் பிழை என்றால் முப்பது சதவீதப் பறவைகள் தாளில் காணாமல் போய்விடும். கண்ணளவில் இருபது சதவீதம் பிழை செய்வது பெரிய விஷயமே இல்லை.

அனுபவமுள்ளவர்கள் பறவையைக் குறிவைத்து மல்லுக்கட்டுவதில்லை. கௌதாரி நின்ற புதரையோ பனையின் அடியையோ அளக்கிறார்கள். பறந்துபோனால் பறந்த இடத்தை அளக்கிறார்கள். புதர் பெரியது, நகராது, பச்சை இலை அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பும். விரிந்த கற்றை உள்ள மலிவான கருவிகூட இந்த வேலைக்குப் போதும்.

வேட்டங்குடிக்கு இதில் இன்னொரு பயன் இருக்கிறது. 1977-இல் சரணாலயமான இந்த இடத்தில் பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என மூன்று கண்மாய்கள். பரப்பு 40 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. பறவைகள் மிரளும் என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சத்தத்துக்கு ஊரே எல்லை வகுத்துவிட்டது. கால்நடையாக நெருங்கி வருகிறவர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கும் எல்லை வகுக்கலாம். நத்தைக்குத்தி நாரை ஒன்றை நோக்கி மெல்ல நடந்து, அது எழுந்து பறக்கும் கணத்தில் நின்று, அது இருந்த கிளையை அளந்தால் ஒரு தூரம் கிடைக்கும். கூடு கட்டாத காலத்தில், வனத்துறை அனுமதியோடு, வெவ்வேறு இனங்களுக்கு இதைச் செய்யலாம். மிரளும் தூரம் அதிகமுள்ள இனத்தை வைத்துக் கரையில் கயிறு கட்டும் இடத்தை முடிவு செய்யலாம். குளிர்கால அதிகாலையில் மட்டும் திரையில் பத்து, பதினைந்து என்று எண் வந்தால் எழுதிக்கொள்ள வேண்டாம். அது நாரை அல்ல, மூடுபனி. வெயில் ஏறும்வரை காத்திருந்து மறுபடி அளக்கலாம்.